விடுதி மணியும் கணக்கு நோட்டும்

நாமக்கல் மாவட்டத்து உறைவிடப் பள்ளி ஒன்றில் 2013 முதல் 2015 வரை பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் படித்தேன். இப்போது வேறொரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். சேர்க்கை நாளில் வரும் பெற்றோரில் பாதிப்பேர், விடுதியில் கண்டிப்பு எப்படி என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். கண்டிப்பு இருந்தால் கணக்கு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அது. அதில் பாதி உண்மை என்பதை அனுபவித்தவன் என்ற முறையில், மீதிப் பாதியைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

எங்கள் விடுதியில் காலை 4:45க்கு மணி அடிக்கும். 5 மணிக்குப் படிப்புக் கூடத்தில் இருக்க வேண்டும். இரவுப் படிப்பு 10 மணிவரை போகும். கைப்பேசி கிடையாது, ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடையாது. அந்த ஒழுங்கு எனக்கு உதவவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. வீட்டில் இருந்தவரை பத்து நிமிடம் தொடர்ந்து ஒரே கணக்கோடு மல்லுக்கட்டாத நான், தினமும் வைத்த ஸ்லிப் டெஸ்டின் தயவால் கை வேகமும் உட்காரும் பழக்கமும் பெற்றேன். அன்றைய வினாத்தாளும் அதற்குத் தோதாக இருந்தது. மொத்தம் 200 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 40, ஆறு மதிப்பெண்ணில் 10, பத்து மதிப்பெண்ணில் 10. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், புத்தகக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டவன் கரையேறிவிடலாம். நானும் 194 வாங்கினேன்.

அந்த 194க்குள் என்ன இருந்தது என்பதைக் காட்ட ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். பகுமுறை வடிவியல் டெஸ்டில் மதிப்பெண் குறைந்ததற்காக, நீள்வட்டத்தின் சூத்திரத்தை ஐம்பது முறை எழுதச் சொன்னார்கள். ஒன்றிலிருந்து மையத்தொலைத்தகவின் (வளைவு வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்) வர்க்கத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில், அந்த வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதாவது வேறொரு வளைவான அதிபரவளையத்தின் சூத்திரத்தை, ஐம்பது முறையும் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், படித்துப் பார்க்கவில்லை. நானும் படிக்கவில்லை. நீள்வட்டத்தில் மையத்தொலைத்தகவு ஒன்றைவிடக் குறைவு, ஆகவே நான் எழுதியபடி பார்த்தால் ஒரு நீளத்தின் வர்க்கம் குறை எண்ணாகிவிடும் என்பது இரண்டு விநாடி யோசித்தால் தெரிந்திருக்கும். யோசிப்பதற்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. எழுந்து நின்று சந்தேகம் கேட்பதும் 'வகுப்பைக் கெடுப்பது' என்ற கணக்கில்தான் சேர்ந்தது.

இன்னொரு தவறு அதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் பல இடங்களில் நடந்ததைப் போலவே, எங்களுக்கும் பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். விளைவு, பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர். திரிகோணமிதியும் எல்லையும் அடிப்படை வகையிடலும் தெரியாமல் தொகையிடலை மனப்பாடமாகச் செய்து வந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? இந்த வழக்கத்தைத் தடுப்பதற்காக வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் தொடங்கியது. 2025-26 கல்வியாண்டு முதல் அது மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போது பிளஸ் ஒன் சேருகிறவர்கள், அந்த ஆண்டுக் கணிதத்தை யாரும் கேட்காவிட்டாலும் தாங்களாகவே முடித்தாக வேண்டும்.

இன்றைய வினாத்தாளும் மாறிவிட்டது. எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணில் 20 வினாக்கள், இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களில் தலா 7 எழுத வேண்டும். இவற்றில் இரண்டு மதிப்பெண்ணுக்கான 30ஆம் வினாவும் மூன்று மதிப்பெண்ணுக்கான 40ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவை பெரும்பாலும் பார்த்துப் பழகாத கணக்காகவே இருக்கும். பொறியியல் கட் ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100 என்பதால் இந்த ஐந்து மதிப்பெண்ணை விட்டுவிடவும் முடியாது.

என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒரு தனி நோட்டு. அதில் சரியாகப் போட்ட கணக்குக்கு இடம் இல்லை. தவறிய கணக்கை மட்டும் எழுதி, எந்த வரியில் சறுக்கினோம் என்பதை ஒரு வாக்கியத்தில் தன் சொந்தத் தமிழில் குறிக்க வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த கழித்தலை இரண்டாவது உறுப்புக்குக் கொண்டுபோகவில்லை' என்று எழுதினால் ஏற்றுக்கொள்வேன். மறுநாள் காலைப் படிப்பின் முதல் இருபது நிமிடம், புத்தகத்தை மூடிவைத்து அதே கணக்கைப் போட வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டாவது முறையும் தவறாமல் வந்தால்தான் அதைக் கோடிட்டு அடிக்கலாம். ஒருவன் செப்டம்பரில் எழுதிய கலப்பெண் கணக்கு ஒன்றை டிசம்பரில்தான் அடித்தான். அவனுக்கு அதில் ஏக வருத்தம், எனக்கு ஏக மகிழ்ச்சி.

இரவுப் படிப்பில் வாய் திறக்கக் கூடாது என்ற விதி கணக்குக்கு ஆகாது. வார்டனிடம் பேசி, 9 மணிக்குப் பதினைந்து நிமிடம் இருவர் இருவராகத் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொள்ள அனுமதி வாங்கினேன். முதல் வாரம் கிரிக்கெட் பேசினார்கள் என்பதை மறைக்கவில்லை. பிறகு, மறுநாள் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடப்போவது விளக்கம் கேட்டவன்தான் என்று ஆக்கியதும் கிரிக்கெட் தானாகக் குறைந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளையைப் பார்க்க வரும் அம்மா அப்பாக்கள் டிபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டு முதலில் ரேங்க் கார்டைக் கேட்கிறார்கள். அந்த நோட்டைக் கேளுங்கள். கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போன மாதம் அடிக்காமல் இருந்த கணக்குகளில் எத்தனை இந்த மாதம் அடிபட்டிருக்கின்றன என்பதை விரலால் எண்ணிவிடலாம்.