பாட்டி வாழ்ந்த 94 வருஷமும்

பாட்டி போன செய்தி கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். 94 வயசு, நிறைவான வாழ்க்கை, பேரன் பேத்திகளுக்குப் பிள்ளைகள் பிறந்ததையும் பார்த்துவிட்டார், இதற்குமேல் என்ன வேண்டும். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு உறுத்தியது. எல்லோரும் பேசியது கடைசிப் பத்து வருஷத்துப் பாட்டியைப் பற்றி. கட்டிலில் சாய்ந்தபடி, கிட்டே வந்தவர்கள் தலையில் கைவைத்து ஜெபம் செய்கிற சாந்தமான பாட்டி. அதற்கு முன்னால் 84 வருஷம் இருந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் அன்னாள் என்று ஒரு விதவை வருகிறார். கணவனோடு வாழ்ந்தது ஏழு வருஷம், தேவாலயத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்கும்போது வயது ஏறக்குறைய 84. அவருக்குக் கிடைத்தது மூன்றே வசனம். உபவாசமும் ஜெபமுமாக இரவும் பகலும் ஆராதனை செய்தார் என்பதற்குள் அந்த இடைப்பட்ட காலம் முழுக்க அடங்கிவிடுகிறது. எப்படிச் சாப்பிட்டார், யார் பார்த்துக்கொண்டார்கள், எந்த வருஷம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஒன்றும் இல்லை. பாட்டியும் அப்படி மூன்று வசனமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1968-ல் தாத்தா இறந்தபோது பாட்டிக்கு 38 வயசு. ஐந்து பிள்ளைகள், கடைசி அத்தை தொட்டிலில். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பதாகச் சொன்னார்களாம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பாட்டி ஒருத்தரையும் அனுப்பவில்லை. வீட்டில் இருந்த தையல் மிஷினை வைத்தே ஐந்து பேரையும் படிக்க வைத்தார். ராத்திரி தையல், விடிகாலையில் எல்லோரையும் எழுப்பிக் குடும்ப ஜெபம், அப்புறம் மறுபடியும் தையல். அப்பாவுக்கு இன்றைக்கும் மிஷின் சத்தம் கேட்டால் தூக்கம் வருகிறது.

குடும்ப ஜெபத்தில் வேத வாசிப்புக்கு அவர் வைத்திருந்த கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான்: வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள், வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷம் முடிவதற்குள் முழுதாக வாசித்துவிடலாம். வம்ச வரலாறு வந்தாலும், கூடாரத்தின் அளவுகள் வந்தாலும் ஒரு வரி தாண்டக் கூடாது. பிள்ளைகள் முறை வைத்து வாசிக்க வேண்டும். பெரியப்பாவுக்குத் தமிழ் சரளமாக வந்ததே எண்ணாகமத்தால்தான் என்று அவரே சொல்வார்.

1971-ல் இரண்டாவது பெரியப்பா காய்ச்சலில் இறந்தார். 18 வயசு. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த வருஷத்தைத்தான், ஏனென்றால் வந்தவர்கள் எல்லோரும் பாட்டியின் விசுவாசத்தை அசையாத மலை என்றார்கள். அப்பா சொல்வது வேறு. குடும்ப ஜெபம் ஒருநாளும் நிற்கவில்லை, ஆனால் பாட்டி பாடவில்லை. ஜெபமும் செய்யவில்லை. பிள்ளைகள் பாடுவார்கள், யாராவது ஒருவர் ஜெபிப்பார், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மாதக்கணக்கில் இப்படி. தனியாக இருக்கும்போது, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 88-ஆவதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பாராம். புலம்பலாகத் தொடங்கும் மற்ற சங்கீதங்களில் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் ஒரு நம்பிக்கை வந்து சேரும். இதில் வராது. சிநேகிதரும் தெரிந்தவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு அப்படியே முடிந்துவிடும்.

பிறகு ஒருநாள் காலையில் வழக்கம்போல ஜெபம் முடிகிற நேரத்தில், யாரும் கேட்காமலே, பாட்டி தன் பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான்கு பெயர். பெயர்களைத் தவிர வேறு வார்த்தையே இல்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த நீண்ட பெயர்ப் பட்டியல். மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், பழைய வீட்டுப் பக்கத்துக் குடும்பம், தையல் கூலி கொடுக்காமல் போனவர் உட்பட, எல்லோரும் அதில் இருந்தார்கள். பரீட்சை நாளன்று போன் வரும். "கண்ணு, இன்னைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சைதானே, நேத்தே சொல்லிட்டேன்" என்பார். யாரிடம் சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் அவர் சரியாக நடந்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். அத்தை மகள் வேறு மதத்தில் திருமணம் செய்தபோது பாட்டி கல்யாணத்துக்குப் போகவில்லை. அது அவளை ரொம்பவே காயப்படுத்தியது, பாட்டி போயிருக்கத்தான் வேண்டும் என்பதே இன்றைக்கும் என் எண்ணம். ஆனால் மறுநாள் காலைப் பட்டியலில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது, அவர்கள் பேசிக்கொள்ளாத காலம் முழுக்க இருந்தது. அவர்களை மறுபடி பேச வைத்தது குழந்தை பிறந்ததுதான், பட்டியல் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாட்டி.

கடைசி சில வருஷங்களில் ஞாபகம் போய்விட்டது. முதலில் எங்கள் பெயர்கள், பிறகு மருமக்கள் பெயர்கள், பிறகு பெற்ற பிள்ளைகள் பெயர்களும். அல்சைமர் நோயில் பொதுவாகப் புதிய நினைவுகள்தான் முதலில் அழியும், சின்ன வயதில் பலமுறை சொல்லிப் பழகியதும் ராகத்தோடு பதிந்ததும் பலருக்கு ரொம்ப நாள் தங்கும். அதை நேரில் பார்த்தோம். நான் யார் என்று தெரியாத ஒரு மத்தியானத்தில், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று நான் ஆரம்பித்ததும் 121-ஆம் சங்கீதம் எட்டு வசனத்தையும் ஒரு சொல் பிசகாமல் அவரே சொல்லி முடித்தார். முடித்துவிட்டு, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். "நல்ல பேரு" என்றார்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் தன் இளம் சீடன் தீமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதும்போது அவனுடைய பாட்டி லோவிசாளின் பெயரைக் குறிப்பிடுகிறார், விசுவாசம் முதலில் அவரிடம் இருந்தது என்று. அந்தப் பாட்டியின் கதையும் நமக்குத் தெரியாது. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் பாட்டியின் வேதாகமத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடவே மிஞ்சியிருக்கிறது. ஓரங்களில் எல்லாம் பென்சிலால் தேதிகள். பிறந்த நாள், ஆபரேஷன், வேலை கிடைத்த நாள், எதற்கென்றே தெரியாத பல தேதிகள். 88-ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் 1971 என்று வருஷம் மட்டும். அந்தப் புத்தகம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இப்போது வாரம் ஒருமுறை அத்தைகள், பெரியப்பா, அப்பா எல்லோரும் போனில் சேர்ந்து ஒவ்வொரு தேதிக்கும் என்ன கதை என்று சொல்கிறார்கள், நான் குறித்துக்கொள்கிறேன். ஒரே தேதிக்குப் பெரியப்பா ஒரு கதையும் சின்ன அத்தை வேறொன்றும் சொன்னால் இரண்டையும் எழுதிவிடுகிறேன். யாத்திராகமம் முடிந்துவிட்டது. சங்கீதத்துக்கு வர இன்னும் நாளாகும்.