வேண்டாம் என்று சொன்ன நடிகர்

8 ஜனவரி 2022

ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியர் போய்விட்டார். நேற்று முன்தினம், லாஸ் ஏஞ்சலிஸில், 94 வயதில். இரங்கல் செய்திகள் எல்லாம் 1964 ஆஸ்காரைத்தான் முன்னே நிறுத்துகின்றன. சிறந்த நடிகர் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் அதற்கு முந்தைய ஆண்டுகளையே சுற்றி வருகிறது.

9 ஜனவரி

பஹாமாஸின் கேட் தீவில் தக்காளி பயிரிட்ட குடும்பம். விளைச்சலை விற்கப் பெற்றோர் அமெரிக்காவின் மியாமி சென்றிருந்தபோது, 1927 பிப்ரவரி 20 அன்று குறைமாதத்தில் பிறந்தார். பிழைக்காது என்று தந்தை சின்னஞ்சிறு சவப்பெட்டியே வாங்கி வந்துவிட்டார். தாய் எவலின் ஒப்பவில்லை. குறி சொல்லும் பெண்ணைத் தேடிப் போனார். பிள்ளை பிழைப்பான், அரசர்களோடு நடப்பான் என்றாளாம் அவள்.

பதினைந்து வயதில் மியாமிக்கு அண்ணன் வீடு; அடுத்த ஆண்டு நியூயார்க், தன்னந்தனியாக.

11 ஜனவரி

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர் என்ற கறுப்பின நாடகக் குழுவில் நடிப்புத் தேர்வு. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வந்தது. பேச்சிலோ தீவின் வாடை. போய்ப் பாத்திரம் கழுவு என்று விரட்டிவிட்டார்கள். உண்மையில் அவர் பிழைப்பே அதுதான்! தன்னைப் பார்த்தால் அவ்வளவுதான் தெரிகிறதா என்ற கேள்வி அவரைச் சுட்டது.

ஒரு ரேடியோ வாங்கி, அறிவிப்பாளர்கள் பேசுவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். உணவகத்தில் பரிமாறிய வயதான யூதர் ஒருவர், இரவில் வேலை முடிந்தபின் அருகில் அமர்ந்து செய்தித்தாள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெரியவரை நான் வணங்குகிறேன். பிறகு அதே நாடகக் குழுவுக்குப் போய், கூட்டிப் பெருக்குகிறேன், பயிற்சி கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார். அதே குழுவின் நடிகர் ஹாரி பெலஃபான்டே வராத ஒரு நாள், பெலஃபான்டேயின் வேடத்தைப் பாய்ட்டியர் ஏற்க, 1946இல் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேயில் வாய்ப்பு வந்தது.

15 ஜனவரி

1950இல் முதல் பெரிய படம், மருத்துவர் வேடம். அப்புறமும் வறுமை தீரவில்லை. அந்த நாட்களில்தான், நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் முகவர் மார்ட்டின் பாம் வழியாக ஒரு வேடம் வந்தது, வாரம் 750 டாலர் சம்பளத்தில். கதையில் ரவுடிகள் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகளைக் கொன்று வீசிவிட்டுப் போவார்கள். அந்தத் தொழிலாளிதான் பாய்ட்டியருக்கு வந்த வேடம்; அவன் வாய் திறக்க மாட்டான். தன் தந்தை அப்படி இருந்திருக்க மாட்டார் என்பதால் பாய்ட்டியர் வேண்டாம் என்றார். மனைவிக்கோ பேறுகாலம். வீட்டுச் சாமான்களை ஈடுகாட்டி 75 டாலர் கடன் வாங்கி மருத்துவமனைச் செலவைச் சமாளித்தார்.

ஆஸ்காரைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கையில் காசு சேர்ந்தபின் மறுப்பது எளிது. மறுத்த காரணத்தைப் பின்னர் கேட்டறிந்த பாம், இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் வேலை செய்ய வேண்டும் என்று அவருக்கே முகவரானார்.