நாளைக்குப் பால் எவ்வளவு சொல்லணும்?

தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் வார்டில் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், முதலமைச்சர் யார். அடிபட்டவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டான நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பேன்: "நாளைக்குக் காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?" மற்றதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்லிவிட்டு இதில் மட்டும் விழிப்பவர்கள் உண்டு. பைக் விபத்தில் அடிபட்டு வந்த ஒரு டீ மாஸ்டர் அப்படித்தான். "நாளைக்கா... ஒண்ணும் வரலை சார்" என்றார்.

கைக்கு மறதி இல்லை. பயிற்சி அறையில் அடுப்பும் பாலும் கொடுத்தால் டிகாஷன் இறக்கி, சர்க்கரை போட்டு, கையை உயரத் தூக்கி ஆற்றி, நுரை தளும்ப நீட்டினார். நேற்று யாருக்கு டீ கொடுத்தீர்கள் என்றால்தான் தெரியாது. வீட்டில் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். "எதைக் கேட்டாலும் பார்க்கலாங்கிறாரு, பொறுப்பே போயிடுச்சு தம்பி" என்று அவர் மனைவி புலம்பினார்.

போனது பொறுப்பு இல்லை, நினைவு. 1981-இல் கனடாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்ட ஒருவரை எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் பல வருடங்கள் ஆராய்ந்தார். ஆய்வுகளில் அந்த நோயாளியை கே.சி. என்று குறிப்பிடுவார்கள். அவர் செஸ் ஆடுவார், பொது விவரங்கள் சொல்வார். தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடியாது. நாளை என்ன செய்வீர்கள் என்றாலும் அதே வெறுமை. ஒன்றுமே இல்லாத அறையில் போய் நாற்காலி தேடச் சொல்வதுபோல இருக்கிறது என்றாராம். 2007-இல் லண்டனில் நினைவுகளுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்ட சிலரிடம் ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னது துண்டு துண்டாக நின்றது, ஒரு காட்சியாகச் சேரவில்லை.

சரி, டீக்கடைக்கு வருவோம். ராத்திரி பால்காரரிடம் மறுநாளைக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லியாக வேண்டும். நேற்று மீந்ததா, போன முகூர்த்த நாளில் பத்து மணிக்கே தீர்ந்துபோனதா, அடைமழை பிடித்த அன்று கூட்டம் கூடியதா, குறைந்ததா? இப்படி நடந்துமுடிந்த நாட்களைக் கலைத்து அடுக்கித்தான் இன்னும் வராத ஒரு நாளை மனசு கட்டுகிறது. அந்தச் சரக்கே கையில் இல்லாதவரை "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்று அதட்டி என்ன பிரயோஜனம்?

அதனால் நாளையை ஓரமாக வைத்துவிட்டு நேற்றிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு நோட்டு போட்டோம். வாங்கிய பால், மீந்த பால், அன்றைக்கு என்ன விசேஷம், மழையா வெயிலா. ராத்திரி எட்டு மணிக்கு செல்போனில் அலாரம் அடிக்கும். அடித்ததும் நோட்டைப் பிரிக்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாடு. டிராயரில் வைத்தால் அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. கடைசியில் கல்லாவுக்கு மேலே, தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள்.

நேற்றிலிருந்து ஆரம்பிக்கிற இந்தப் பழக்கம் எங்கள் டிபார்ட்மென்ட் மீட்டிங்குக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தால் "இன்னும் நல்லா பண்ணணும்" என்பதற்கு மேல் யாருக்கும் வாய் வராது. போன வியாழக்கிழமை நோயாளிகள் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்டால், வீல்சேர் எங்கே நின்றது, யார் லீவு என்று வரிசையாக வெளியே வரும். அப்புறம் திட்டம் போடுவது கஷ்டமே இல்லை.

மாஸ்டர் இப்போது நோட்டைப் பார்த்து அவரே பால் சொல்கிறார். முகூர்த்த நாளென்றால் மட்டும் அவர் மனைவி குறுக்கே புகுந்து இரண்டு லிட்டர் கூட்டச் சொல்வார். "போன தடவை மீந்துச்சு, பாரு" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டி இவர் சண்டைக்கு நிற்கிறார்.