ஐந்து நிமிடத்தில் வெடிக்காத கிரகம்

ஜூன் 4

அண்ணன் மகன் நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். “அத்தை, ஃபில்லர் எபிசோடையெல்லாம் தள்ளிவிடலாம்தானே? எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்றான். மொத்தம் 220 எபிசோட். அதில் 136 முதல் 219 வரை பெரும்பாலும் ஃபில்லர், அதாவது மூலமான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸில்) இல்லாத, இட்டு நிரப்பும் கதைகள். சொன்னவுடன் அவன் முகத்தில் பரீட்சையில் பாடத்தைக் குறைத்துவிட்ட மகிழ்ச்சி.

ஆனால் 101ஐத் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அதுவும் ஃபில்லர்தான். ஆசிரியர் ககாஷி எந்நேரமும் முகமூடி போட்டிருக்கிறாரே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருடைய மாணவர்களான நருட்டோ உள்ளிட்ட மூன்று பிள்ளைகளும் படாத பாடு படுகிறார்கள். கடைசியில் அவரே மனமிரங்கிக் கழற்றுகிறார். உள்ளே இன்னொரு முகமூடி! கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அந்த நால்வரும் ஒரே குழு என்பதை எந்தச் சண்டைக் காட்சியையும்விட நன்றாகச் சொன்னது அதுதான்.

ஜூன் 5

ஃபில்லர் ஏன் வருகிறது என்று கேட்கிறான். கணக்குதான் காரணம். வார இதழில் வரும் மங்காவுக்கு வாரம் ஓர் அத்தியாயம், இருபது பக்கத்துக்குள். அனிமேயும் வாரம் ஓர் எபிசோட். விளம்பரமும் பாட்டுகளும் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். இயல்பான வேகத்தில் போனால் ஓர் எபிசோட் இரண்டு மூன்று அத்தியாயங்களை விழுங்கிவிடும். ஆண்டு முழுக்க இடைவெளியில்லாமல் ஓடும் தொடர் மூலக்கதையை எட்டிப்பிடிக்காமல் என்ன செய்யும்? மங்கா முன்னே போகும்வரை சொந்தக் கதையை இட்டு நிரப்ப வேண்டியதுதான்.

ஜூன் 8

இரவு ஒன் பீஸ் என்ற இன்னொரு நீண்ட தொடரின் டிரெஸ்ரோசா பகுதியிலிருந்து ஓர் எபிசோடைக் கடிகாரத்தோடு பார்த்தேன். தொடக்கப் பாட்டு மட்டும் இரண்டரை நிமிடம். பிறகு முன்கதைச் சுருக்கம். பிறகு சென்ற வாரத்தின் கடைசிக் காட்சி மறுபடியும். ஒருவன் ஓங்கி அடிக்கிறான். அடி விழுமுன் சுற்றி நிற்கிற ஒவ்வொருவர் முகமாக கேமரா போய் வருகிறது, ஒவ்வொருவரும் தனித்தனியாக அதிர்ச்சி அடைந்தாக வேண்டும். மங்காவில் அது ஒரு கட்டம். கண் பார்த்துவிட்டுத் தாண்டியிருக்கும்.

இந்தப் பகுதி எபிசோட் 629 முதல் 746 வரை, அதாவது 118. மங்காவிலோ 700ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 801இல் முடிகிறது. ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயம்கூடத் தேறவில்லை. ஃபில்லர் பட்டியல்களில் இதையெல்லாம் ‘மூலக்கதை’ என்று போட்டிருப்பார்கள், அதனால் தள்ளவும் வழியில்லை. என் கோபம் இதன் மீதுதான். தனிக்கதையாக வரும் ஃபில்லர் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாம். ஜவ்வாக இழுப்பது நல்ல காட்சிக்கு உள்ளேயே புகுந்து அதைக் கெடுத்துவிடுகிறது. நாயகன் லூஃபி சக்தி மீளப் பத்து நிமிடம் வேண்டும் என்கிறான். அந்தப் பத்து நிமிடத்தில் சோறு வடித்து, குழம்பும் வைத்துவிடலாம்.

இதில் முன்னோடி டிராகன் பால் இசட். நமேக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா அறிவித்த பிறகு வாரக்கணக்கில் சண்டை நடக்கிறது. தயாரித்தவர்களே பின்னர் கத்தரியை எடுத்தார்கள்: 2009இல் தொடங்கிய டிராகன் பால் காய், பழைய தொடரின் முதல் 194 எபிசோடுகளை நூறுக்குள் அடக்கிவிட்டது. வெட்டியதில் நாயகன் கோகுவும் அவன் தோழன் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எபிசோடும் போயிற்று. அதில் மட்டும் எனக்கு வருத்தம்.

ஜூன் 12

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பார்க்காதவர்கள் இன்றைய குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

2003இல் வந்த முதல் அனிமே 51 எபிசோட். மங்கா முடிய இன்னும் பல ஆண்டுகள் இருந்ததால் தன் வழியில் போய்த் தனி முடிவு வைத்துக்கொண்டது. 2009இல் வந்த பிரதர்ஹுட் 64 எபிசோடில் மங்காவையே பின்பற்றியது. இரண்டிலும் நாயகன் எட்வர்டின் நண்பரான ராணுவ அதிகாரி ஹியூஸ் இறக்கிறார், தொலைபேசிக் கூண்டில். பிரதர்ஹுட்டில் அது 10ஆம் எபிசோட். பழையதில் 25.

பழையதில் இடையே என்ன நடக்கிறது? எட்வர்டின் பிறந்தநாளை ஹியூஸ் வீட்டில் கொண்டாடுகிறார்கள், அன்றே அவருக்கு மகள் பிறக்கிறாள். மங்காவில் இல்லாத காட்சி. மனிதர் அடிக்கடி வந்து போகிறார், மகள் பெருமை பேசி எல்லோரையும் அறுக்கிறார், நமக்கும் பழகிவிடுகிறார். பிறகு அடக்கத்தில் அந்தச் சிறுமி, அப்பாவை ஏன் புதைக்கிறார்கள் என்று கேட்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. பிரதர்ஹுட்டில் அதே கேள்விக்குக் கண் கலங்கியது, அவ்வளவுதான். அவசரமாகச் சாகடித்துவிட்டார்கள். மற்றபடி கதையின் கட்டுக்கோப்பில் பிரதர்ஹுட்தான் மேல். அதை மறுப்பவர்களோடு சண்டைக்கு வரத் தயார்.

ஜூன் 13

ஒன் பீஸ் 2026 முதல் ஆண்டுக்கு 26 எபிசோடுக்கு மிகாமல் வரும் என்று தயாரிப்பு நிறுவனமான தோயி அறிவித்தது நினைவுக்கு வந்தது. 1999இல் தொடங்கிய தொடருக்கு இந்த யோசனை இப்போதுதான் வந்திருக்கிறது. அண்ணன் மகனிடம் சொன்னேன். “அப்படியென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?” என்று முகம் சுளித்தான்.