லண்டனில் பென்சிலால் போட்ட ஓட்டு

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய படம்தான் முதலில் தெரிந்தது. இடது ஆள்காட்டி விரல், நகமும் தோலும் சேரும் இடத்தில் மைக்கோடு. தேவகோட்டையில் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். "உன் பேரும் லிஸ்ட்ல இருக்குப்பா, எனக்கு அடுத்து" என்று குரல் பதிவு வேறு. நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு ரொம்பக் கனத்துவிட்டது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகனுக்கு ஓட்டு உண்டு. 2010-இல் சட்டம் திருத்தினார்கள். படிவம் 6ஏ நிரப்பிப் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு நேரில் போய், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. நமக்குப் பதிலாக இன்னொருவர் போடலாம் என்று ஒரு மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியாகிவிட்டது. ஒரு ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுக்க அந்த வருஷம் என்னால் முடியவில்லை.

மே 22 அன்று மழையில் நனைந்தபடி அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக் இங்கே தேர்தலை அறிவித்தார். ஜூலை 4, வியாழக்கிழமை. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன். வேலை விசாவில் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கீழே இருக்கும் வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். வாடகை கொடுக்கப் போனபோது அவர்தான் கேட்டார்: "தம்பி, வோட் பதிஞ்சனீங்களோ?"

"நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே அக்கா."

"அதுக்கென்ன? நீங்கள் கொமன்வெல்த் ஆள். உங்களுக்கும் வோட் இருக்கு. சும்மா விட்டுடாதேங்கோ."

அன்று இரவே அரசு இணையதளத்தில் படித்துப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், சட்டப்படி தங்க அனுமதி பெற்று இங்கே வசித்தால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களும் அப்படியே. பேரரசுக் காலத்திலிருந்து வரும் உரிமை இது. இந்தியாவில் வசிக்கும் பிரிட்டிஷ்காரருக்கு அங்கே இந்த உரிமை கிடையாது. ஆபீஸில் பக்கத்து மேசையில் இருக்கும் பிரெஞ்சுத் தோழி பதினெட்டு வருஷமாக லண்டனில் வரி கட்டுகிறாள். அவளுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால் அதே கோடையில், ஜூன் 30 அன்றும் ஜூலை 7 அன்றும் நடந்த பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் லண்டனில் இருந்தபடியே ஓட்டுப் போட்டாள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே அவர்கள் சபையில் 11 இடங்கள் இருக்கின்றன, இணையம் வழியாகவும் வாக்களிக்கலாம் என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பதிவுக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. முகவரி, பிறந்த தேதி, நாட்டினம், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், அவ்வளவுதான். சிக்கல் பெயரில் வந்தது. ஊர்ப் பழக்கத்தில் இனிஷியலோடு என் பெயரைப் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: உங்கள் விவரம் அரசுப் பதிவோடு பொருந்தவில்லை, அடையாளச் சான்று அனுப்புங்கள். பதிவு செய்யக் கடைசி நாள் ஜூன் 18. நகல் அனுப்பினேன், இரண்டு தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் "குடும்பப் பெயர் எது?" என்று கேட்டார்கள். எனக்குக் குடும்பப் பெயரே இல்லை, அது என் அப்பாவின் பெயர் என்று விளக்கினேன். கடைசியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்திப் பட்டியலில் சேர்த்தார்கள். இதைப் படிக்கும் நம்மவர்கள் முதலிலேயே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அப்படியே போட்டுவிடுங்கள். வாக்குச்சாவடியிலும் இப்போது படத்தோடு கூடிய அடையாள அட்டை கேட்கிறார்கள், 2023 முதல். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட் போதும்.

பிரசாரம் என்ற ஒன்று நடந்ததா என்றே தெரியவில்லை. ஒலிபெருக்கி இல்லை, சுவர் எழுத்து இல்லை, கொடி கட்டிய ஜீப் இல்லை. கதவிடுக்கில் துண்டுக் காகிதங்கள் விழுந்தன. ஒரு நாள் மாலை ஒருவர் கதவைத் தட்டி, காஸாவைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போனார். பக்கத்துத் தொகுதியான ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் உமா குமரன் நிற்கிறார் என்பதுதான் அக்காவுக்குப் பெரிய செய்தி. அவர் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண் ஆனபோது, அக்கா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு எனக்கும் பிரசாதம் கொடுத்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தேர்தலில் டியூட்டி பார்த்திருக்கிறார், பாதிக்கு மேல் பிரிசைடிங் ஆபீசராக. முந்தின நாளே பெட்டியோடு கிராமத்துக்குப் போய், பள்ளிக்கூட பெஞ்சில் படுத்துத் தூங்கி, விடிவதற்கு முன் எழுந்து, கட்சி ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டாவது போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மெஷினைத் துடைத்து, சீல் வைப்பார். அவருக்குத் தேர்தல் என்றால் அந்த சீல்தான். எனக்கு இங்கே ஓட்டு என்று சொன்னதும் முதலில் சொன்னது இது: "ஏழு மணிக்கே போ. பெட்டி காலியா இருக்கான்னு யாருக்குக் காட்டுறாங்கன்னு பாரு."

போனேன். தெருமுனையில் ஒரு ஆரம்பப் பள்ளி. வாசலில் வாக்குச்சாவடி என்று ஒரு அட்டை. போலீஸ் ஒருவர்கூட இல்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர் மட்டும், நாயோடு. சரியாக ஏழு மணிக்குக் கதவைத் திறந்த சாவடி அலுவலர் அம்மா, பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கி எங்கள் இருவர் பக்கமும் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு மூடி, எங்கள் கண் முன்னாலேயே பிளாஸ்டிக் சீலைக் கோத்து இழுத்தார். "டிக்" என்று ஒரு சத்தம். கட்சி ஏஜெண்ட் யாருமே இல்லை. அந்த நேரத்தில் வந்து நிற்கும் எவருக்கும் காட்ட வேண்டும் என்பது விதியாம். அப்படி நின்ற இரண்டு பேரில் ஒருவன் நான், இந்த நாட்டுக் குடிமகனே இல்லாதவன். உடம்பு சிலிர்த்தது.

பாஸ்போர்ட்டைப் பார்த்து, பட்டியலில் என் பெயரை ஸ்கேல் வைத்துக் கோடிட்டார்கள். அப்புறம் நடந்த ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. எனக்குக் கொடுக்கும் வாக்குச்சீட்டின் எண்ணுக்கு நேராக, இன்னொரு தாளில் என் வாக்காளர் எண்ணை எழுதினார் அந்த அம்மா. அப்படியென்றால் என் ஓட்டு யாருக்கு என்று பின்னால் கண்டுபிடிக்கலாமே? கேட்டேவிட்டேன். அந்தத் தாள் தனியே முத்திரையிட்டு வைக்கப்படும், நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் பிரிப்பார்கள், ஒரு வருஷம் கழித்து அழித்துவிடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வழக்கு வந்தால் கள்ள ஓட்டைப் பிரித்தெடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. நம் ஊரிலும் காகிதச் சீட்டுக் காலத்தில் அடிக்கட்டையில் வாக்காளர் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கினோமே என்றார்.

மறைவுக்குள் நூலில் கட்டிய பென்சில் தொங்கியது. பென்சில்! அழித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் கை தயங்கியது. பேனா கொண்டு போனாலும் தடையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பெருக்கல் குறியை அழுத்திப் போட்டேன், பின்பக்கம் தடம் தெரியும் அளவுக்கு. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பழக்கத்தில் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மை வைப்பதைப் பற்றிச் சொன்னேன். 1962 முதல் மைசூரில் தயாராவது என்றதும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். எட்டு மணி டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வேலைக்குப் போய்விட்டேன். இங்கே தேர்தலுக்கு விடுமுறை கிடையாது.

ஆபீஸில் பேச்சு இந்தியத் தேர்தல் பக்கம் திரும்பியது. ஏழு கட்டம், ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை என்றதும் ஆங்கிலேயச் சக ஊழியர், "அவ்வளவு நாள் மெஷின்கள் எங்கே இருந்தன? யார் காவல்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 96 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பாதுகாப்புப் படை மாநிலம் மாநிலமாக நகர வேண்டும், ஸ்ட்ராங் ரூம் வாசலில் கட்சிக்காரர்களும் காவலிருப்பார்கள் என்று விளக்கினேன். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டு ஏழு விநாடி தெரியும் என்றேன். "அந்தச் சீட்டுகளை எல்லாம் எண்ணுவீர்களா?" என்றார். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து மெஷின் மட்டும் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர்கள் எல்லாவற்றையும் கையால் எண்ணுகிறார்கள். ஆனால் அவர் நம் ஊர்ச் சாவடியில் எல்லாக் கட்சி ஏஜெண்டும் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்ப்பதை அறியாதவர். இங்கே பெட்டி காலியாக இருந்ததற்குச் சாட்சி நானும் ஒரு கிழவரும்தான். யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிற தேர்தல் இது. நம்முடையது யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நடத்துவது. எனக்கு நம்முடையதுதான் நெஞ்சுக்கு நெருக்கம். எண்ணுவதில் மட்டும் அவர்களைப் போல இருந்தால் தேவலை.

இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த நொடியில் கருத்துக்கணிப்பு: லேபர் கட்சிக்கு 410 இடம். வந்தது 411. ஒரு மாதம் முன்னால் நம் கணிப்புகள் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, வந்தது 293. அப்பா தூங்காமல் நடுராத்திரியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். 33.7 சதவீத ஓட்டில் 650-இல் 411 இடமா என்று நான் அதிர்ந்தபோது, "தொகுதியில அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிக்கிற இந்த முறையை அவங்ககிட்டேருந்துதானே நாம எடுத்தோம்" என்றார். மறுநாள் மதியத்துக்குள் சுனக் போய், லேபர் தலைவர் ஸ்டார்மர் பிரதமர் ஆகிவிட்டார்.

"உங்க பூத்ல மொத்தம் எத்தனை ஓட்டு? 17சி கொடுத்தாங்களா?" என்று அப்பா கேட்டார். 17சி என்பது நம் ஊரில் ஒரு சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவம். அதுபோல ஒரு கணக்கைச் சாவடி அலுவலர் எழுதி, எண்ணும் இடத்தில் சரிபார்க்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னேன். அப்புறம்தான் அவருக்குத் தூக்கம் வந்தது.

பதினைந்து வருஷத்துக்கு மேல் வெளியே இருக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் 2024 ஜனவரியிலிருந்து ஓட்டு உண்டு. சென்னையில் வாழும் பிரிட்டிஷ்காரர் ஆயுசுக்கும் தபாலில் போடலாம். நான் போன வாரம் 6ஏ நிரப்பி அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. ஊர்த் தேர்தல் தேதி வந்ததும் லீவுக்கு எழுதுவேன். கூட வருகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஏழு மணிக்கே.