கல்வி உதவித்தொகை: ரிசல்ட் வரும் முன்பே தொடங்கிவிடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. நான் முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படித்தவள். படித்து முடித்தபின், எங்கள் பக்கத்தில் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவி செய்து வருகிறேன். நான் பார்த்தவரை, தகுதி இல்லாமல் உதவித்தொகை கிடைக்காதவர்களைவிட, எல்லாத் தகுதியும் இருந்து காகிதம் சரியில்லாமல் இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் பரீட்சை முடிந்ததுமே சான்றிதழ் வேலையில் இறங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதலில் முதல் பட்டதாரி சலுகை. 2010-11 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு அரசு இதைக் கொடுக்கிறது. இதற்குச் சாதியும் தடையில்லை, வருமான வரம்பும் கிடையாது. பலர் இதைத் தெரியாமலே, "நாங்கள் அந்தப் பிரிவு இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். அப்பா, அம்மா, இருபக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் என யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். டிப்ளமோ பட்டம் ஆகாது, எனவே அண்ணன் பாலிடெக்னிக் படித்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. பொறியியலில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறையும். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம்.

இ-சேவையில் கேன் எண் (விண்ணப்பதாரருக்கு ஒருமுறை பதிந்து தரும் அடையாள எண்) எடுத்து விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மண்டல துணை வட்டாட்சியரிடம் போய்ச் சான்று வரும். இடையில் விசாரணைக்கு நேரில் கூப்பிடலாம். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், கூடப்பிறந்தவர்களின் மாற்றுச் சான்றிதழ் இவற்றை ஒரே பையில் போட்டு வைத்திருங்கள்.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது, அதுவும் கவுன்சலிங் வழியாகத்தான். ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கே வந்து "கவுன்சலிங்குக்கு எல்லாம் அலைய வேண்டாம், இப்போதே சீட் போட்டுவிடலாம்" என்று பேசுகிறவர்களிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து கேட்கும் அப்பாக்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தயவுசெய்து கவுன்சலிங் முடியும்வரை யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

நான் சேர்ந்த அன்று கல்லூரி அலுவலகத்தில் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். அரசுப் பணம் வந்தபின் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அப்பா தையல்காரர், அதிகம் பேசமாட்டார். கவுன்சலிங்கில் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணையை மேசைமேல் விரித்து வைத்து, "இதில் போட்டிருப்பதைக் கழித்துக்கொண்டு சொல்லுங்கள் சார், கட்டுகிறேன்" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம், கழித்துத்தான் வாங்கினார்கள். உங்களிடமும் இப்படிக் கேட்டால் ஆணையைக் காட்டி நிதானமாகப் பேசுங்கள், கட்டியதற்கு ரசீது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பழையதை நீட்டாதீர்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். பட்டப்படிப்பு மட்டுமல்ல, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. கல்லூரி வழியாகத்தான் பதிவு நடக்கும் என்பதால், சேர்ந்த வாரமே இதைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு, பள்ளியில் உங்களுக்கு இருந்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) கொடுத்துவிடுங்கள்.

சரி, எல்லாம் பதிவாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேரின் கதை இதுதான், காரணமும் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் பெறுவதற்காகக் கணக்கோடு ஆதாரைச் சீடிங் செய்வது, அதாவது இணைப்பது வேறு. இரண்டாவது நடந்திருந்தால்தான் பணம் வரும். ஆதாரின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும். கல்லூரியில் சொன்னார்கள் என்று புதுக் கணக்கு திறந்து அதில் சீடிங் ஆகிவிட்டால், பணம் அங்கே போயிருக்கும், நீங்கள் பழைய பாஸ்புக்கையே பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பள்ளியில் படிக்கும்போது திறந்து, பிறகு தொடாமலே விட்ட கணக்கு முடங்கியிருக்கும். வங்கிக்குப் போய்க் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து உயிர்ப்பித்துவிடுங்கள். 18 வயது முடிந்திருந்தால் புதுக் கையெழுத்தும் கொடுக்க வேண்டும்.

பெயரும் முக்கியம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் கடைசியில், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இனிஷியலே இல்லை என்று மூன்று மாதிரி இருக்கும். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு, எனவே மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் தேசிய உதவித்தொகை தளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுக்கு வருடம் 12,000 ரூபாய். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது, எனவே எதில் அதிகம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். குறை என்று திருப்பி அனுப்பியிருந்தால், கடைசித் தேதிக்குள் நீங்கள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை, அப்புறம் புதுப்பித்தல் தேதியை யாரும் உங்களைத் தேடிவந்து சொல்லமாட்டார்கள், கல்லூரி அலுவலகத்தில் நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.