கிலோ வகுப்பு நீர்மூழ்கி: மேலோட்டில் எங்கே கவனம் வேண்டும்

ரஷ்யாவின் கிலோ வகுப்பு நீர்மூழ்கியின் 1/350 அளவு பிளாஸ்டிக் மாதிரியை ஒட்டிச் செய்பவர்களுக்கான குறிப்பு இது. முதலில் எந்தக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள். இந்த வகுப்பின் பழைய வடிவமான 877 திட்டத்துக்கு ஆறு இதழ் உந்துவிசிறி, பிந்தைய 636க்கு ஏழு. பெட்டியில் எது இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொட வேண்டும். 636இன் நீளம் 73.8 மீட்டர், 1/350 அளவில் சுமார் 211 மி.மீ. வர வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது, ஒலியை உறிஞ்ச மேலோட்டில் பதிக்கும் ரப்பர் ஓடுகளின் கோடுகள்தான். 0.2 மி.மீ. அகலக் கோடு 1/350இல் நிஜத்தின் 7 செ.மீ. இடைவெளிக்குச் சமம். அப்படி ஒரு கப்பல் கிடையாது! கெட்டியான பிரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சை) தூரிகையால் கோடுகளில் பூசி, ஒரு நாள் காயவிட்டு, 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் ஈரத்தோடு தேயுங்கள். மங்கலான தடம் மிஞ்சினால் போதும். மீதியை வண்ணம் பார்த்துக்கொள்ளும்: ஓடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, அடிப்படைக் கருமையைவிடச் சற்றே வெளிறிய சாம்பலில் மெல்லப் படரவிடுங்கள்.

நீர் புகும் துளைகளைக் கறுப்பு மையால் நிரப்பினால் அவை ஒட்டிய புள்ளிகள் போலத்தான் தெரியும். உள்பக்கம் பிளாஸ்டிக்கை அரை மி.மீ. வரை சுரண்டி மெலிதாக்கி, 0.4 மி.மீ. துரப்பணத்தால் இரு முனையிலும் துளையிட்டு, நடுவைக் கத்தியால் வெட்டுங்கள். மூடுவதற்கு முன் உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு அடிக்க மறக்காதீர்கள்.

பக்கவாட்டு இணைப்புக்கு சயனோ பசை (சூப்பர் குளூ) நல்லது. ஆனால் அரை மணிக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது சுற்றியுள்ள வளைவு தட்டையாகும்.